ஆட்டம் முடிந்த பிறகு

இலக்கியப் பேராசிரியர் ஒருவர் பந்தாட்டத்தை வைத்துப் பெரிய ஆராய்ச்சி நூல் எழுதினார் என்றால் நமக்குச் சிரிப்பு வரும். மைக்கேல் ஓரியார்டு விஷயத்தில் அப்படிச் சிரித்துவிட முடியாது. 1970 முதல் 1973 வரை கான்ஸாஸ் நகரத்துத் தொழில்முறைக் குழுவில் இடிபட்டும் மிதிபட்டும் ஆடியவர் அவர். பிற்பாடுதான் ஆரெகன் மாநிலப் பல்கலைக் கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியரானார்.

அமெரிக்கக் கால்பந்துக்குப் பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, மறிப்பவர்களை மோதித் தள்ளி ஓடுகிற ஆட்டம் அது. கல்லூரிப் பிள்ளைகளின் இந்த முரட்டு விளையாட்டு ஒரு தேசத்தின் திருவிழாவானது எப்படி? பத்திரிகைகளால்தான் என்கிறது, 1993-ல் வெளிவந்த 'ரீடிங் ஃபுட்பால்' என்ற அவருடைய நூல்.

மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்தை இழக்க வேண்டும் என்று 1882-ல் விதி வந்தது. ஆட்டம் நின்று நின்று நடக்கத் தொடங்கிற்று. நிற்கிற ஒவ்வொரு தடவையும், 'அடுத்து என்ன?' என்ற கேள்வி. தொடர்கதை வாசகர்களுக்கு இந்தத் தவிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை! நிருபர்கள் அந்த இடைவெளிகளில் கதையை நிரப்பினார்கள். விதிகளை வகுத்த வால்டர் காம்ப் அதில் திட்டமிடும் மூளையைக் கண்டார்; சிலர் பழைய காலத்து வீரர்களைக் கண்டார்கள்; வேறு சிலர் வெறும் ரத்தத்தைக் கண்டார்கள். ஆட்டத்துக்கு ஒரே அர்த்தம் என்று கிடையாது என்கிறார் பேராசிரியர். எனக்கும் சம்மதமே.

ஆனால் பத்திரிகையின் கதை கடைசி ஊதலோடு முடிந்துவிடுகிறது. நாவலாசிரியனுக்கு அங்கேதான் வேலை ஆரம்பம். ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் காட்ஸ்பி'யில் (1925) வரும் டாம் புக்கானன், யேல் கல்லூரி மைதானத்தில் கிடைத்த பரவசத்தைப் பிறகு ஆயுள் முழுவதும் தேடி அலைகிறவன். மாலமூடின் 'தி நாச்சுரல்' (1952) நாவலில் ராய் ஹாப்ஸ் கடைசிப் பந்தை அடிக்க முடியாமல் தோற்றுப்போகிறான். ஜெயித்தவனைத் தலைப்பில் போட்டுவிட்டு மற்றவர்களைப் பத்திரிகை கைவிடுகிற இடத்தில், நாவல் கைகொடுக்கிறது.

ஓரியார்டுக்கு இது தெரியாததல்ல. விளையாட்டு நாவல்களைப் பற்றி 1982-லேயே தனி நூல் எழுதியவர் அவர். அதே ஆண்டில் 'தி எண்ட் ஆஃப் ஆட்டம்' என்று தம் ஆட்ட வாழ்க்கையையும் எழுதினார். ஆராய்ச்சியை மதிக்கிறேன். ஆனாலும் நண்பர்கள் கேட்டால் முதலில் எடுத்துக்கொடுப்பது இந்தச் சுயசரிதையைத்தான். ஆட்டத்தை விட்டு வந்தவன் மீதி வாழ்க்கையை என்ன செய்வது என்ற கேள்வி அதில்தான் இருக்கிறது. அது ஆட்டக்காரனுக்கு மட்டுமே உரிய கேள்வியா என்ன?