சீதன வீட்டுக் கால்மெசின்

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் கறுப்புச் சிங்கர் கால்மெசின் இன்னும் யன்னலோரம் நிற்கிறது. சிங்கர் இலங்கையில் கால்வைத்தது 1877இல். மொத்தமாகக் காசு கொடுக்க வழியில்லாத வீட்டுக்கும் தவணைமுறை மெசினைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் அது தலைமுறைகள் தாண்டி ஒரே வீட்டில் நின்றதற்குக் காரணம் கம்பனி அல்ல, எங்கள் கிழக்கிலங்கைக் கரையின் குடும்ப வழமை. இங்கே வீடு மகளுக்குச் சீதனமாகிறது. மாப்பிள்ளைதான் வந்து சேர்கிறார். மூத்தம்மாவின் மெசின் உம்மாவுக்கும் பிறகு மகளுக்கும் இடம் மாறாமலே கைமாறியது.

கடலோர வீடுகளில் இருந்தவை பல 2004 டிசம்பர் 26இல் சுனாமி அலையோடு போயின. அதன்பின் நிவாரணமாகப் புதிய மெசின்கள் வந்தன. நல்ல எண்ணத்தோடு கொடுத்தார்கள். ஆனால் ஒரே தெருவில் பல வீடுகளுக்கு மெசின் கிடைத்தால் யார் யாருக்குத் தைப்பது? மெசினோடு துணியும் வாங்குவோரும் பழுது பார்ப்பவரும் சேர்ந்து வந்தால்தான் அது தொழில்.

பழையதன் பெரும்பலம் திருத்தக்கூடிய தன்மை. ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த சிங்கர் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே வார்த்த 15கே மெசினுக்கோ இன்றைய சாதாரண வீட்டு ஊசியே பொருந்தும். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரமும் இல்லை, சர்க்கிட்டும் இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தபோது, கரண்டை நம்பிய மெசின்கள் நின்றன, கால்மெசின் ஓடியது.

அதற்காக எல்லாப் பழைய மெசினும் ஒன்றல்ல. படகு வடிவச் சட்டில் ஓடும் மாதிரிகள் அழகானவை, தங்கநிறச் சித்திரங்களோடு கண்ணைப் பறிப்பவை. ஆனால் அவற்றின் நீளப் பொபின் எல்லாக் கடையிலும் கிடைக்காது. அன்றாடத் தையலுக்கு அவற்றை நம்பி இருக்கக்கூடாது என்பேன்.

குறைகளை மறைக்கவும் வேண்டாம். கால்மெசின் நேர்த்தையலுக்கு மேல் எதுவும் தைக்காது. அபாயாத் துணியின் ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லொக் மெசின் தேவை. இழுபடும் ஜெர்சித் துணியில் தையல் விட்டுவிட்டு விழும். மணிக்கணக்கில் மிதிக்கும் பெண்ணின் முழங்காலும் இடுப்பும் படும் பாட்டை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய மெசினைப் புகழ்வோர் பெரும்பாலும் அதில் உட்கார்ந்து பெருநாள் உடுப்புத் தைத்தவர்கள் அல்லர்.

உப்புக்காற்று இரும்பை அரிக்கிறது. அதைவிடப் பெரிய கேடு தேங்காயெண்ணெய். மெசின் எண்ணெய் இல்லையென்று அதை ஊற்றினால், நாளடைவில் பிசினாகி அச்சுகளை இறுக்கிவிடும். இன்னொன்று: துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாக விழுந்தால் பலர் பொபின் கேசின் திருகாணியைத் திருகுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் மேலேதான். மேல்நூல் இறுக்கத் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்கார்ந்திராது. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவைத்து மறுபடி கோர்த்தாலே சரியாகிவிடும். இவ்வளவு எளிய அறிவு கைவிட்டுப் போனதால் ஓடக்கூடிய மெசின்கள் 'பழுது' என்று மூலைக்குப் போகின்றன. பிறகு தலை பழைய இரும்புக்கு, பூவேலைக் கால்கள் யாரோ வீட்டு மேசைக்கு. அந்த மேசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மோட்டார் பூட்டுவது பழமையைக் கெடுக்கும் என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. அது முழங்காலைக் காப்பாற்றும். மோட்டார் பூட்ட இடமில்லாத மிகப் பழைய வார்ப்பைத் துளைபோட்டுக் கெடுக்காமல் விட்டால் போதும். தோல் பெல்ட்டை எறியாமல் லாச்சியில் வைத்திருந்தால், கரண்ட் போன அன்று மோட்டார்ப் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் காலால் மிதிக்கலாம்.