தனிக்குரலும் பக்கக்குரலும்: யாழ்ப்பாணத்தில் கவிதையின் மேடை

தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகும் கோப்பாய்ப் பிள்ளைக்குப் பாவோதல் ஒரு போட்டி, பேச்சு இன்னொரு போட்டி, இசை வேறொன்று, நாடகம் பிறிதொன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே பழக்குகிறார்கள்; தனித்தனியே புள்ளி போடுகிறார்கள். பின்னாளில் அந்தப் பிள்ளை நாடகமும் அரங்கியலும் பாடமாக எடுக்கலாம், கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்று ஆசிரியராகவும் வரலாம். அப்போதும் செய்யுளும் பேச்சும் பாட்டும் வெவ்வேறு பாடவேளைகளிலேயே நிற்கும்.

கவிஞர் ஒருவர் தனியாக மேடையேறி, தன் கவிதையைச் சொல்லி, இடையிடையே பாத்திரமாகவோ தானாகவோ கதைத்து, பாடியும் இசைத்தும் முழுநீள நிகழ்வொன்றை நடத்துவது இன்று பல மொழிகளில் நிலைபெற்ற கலை. அதற்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் யாழ்ப்பாணத்தில் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆயினும் அவை ஒருவரிடம் சேர்ந்திருந்தது குறைவு. காரணத்தைத் தேடினால் ஒரு செய்தி திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது: இங்கு செய்யுளைச் சபைக்குக் கொண்டுவந்தவர் பக்கத்தில் எப்போதும் இன்னொரு குரல் இருந்தது. தனியாள் அரங்கை இந்த மண்ணில் வைத்துப் பேசுவதென்றால் அந்தப் பக்கக்குரலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

படிப்பவரும் பயன் சொல்பவரும்

கோயில்களில் நடக்கும் புராண படனம் இதற்குத் தெளிவான சான்று. கச்சியப்பரின் கந்தபுராணம் 10,345 செய்யுள்களைக் கொண்டது. யாழ்ப்பாணத்துச் சைவ வாழ்வில் அது பிடித்திருக்கும் இடத்தைக் கண்டுதான் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பேசினார். படனத்துக்கு இருவர் வேண்டும். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார். மற்றவர் பயன் சொல்வார்.

கிட்ட இருந்து கேட்டால் இந்தப் பங்கீட்டின் நுட்பம் தெரியும். படிப்பவர் முதலில் விருத்தத்தின் ஓசை கெடாமல் பாடுகிறார். பிறகு சந்தி பிரித்து, தொடர்தொடராக எடுத்துக் கொடுக்கிறார். பயன் சொல்பவர் அத்தொடரை வாங்கி, பொருள் சொல்லி, தேவைப்பட்டால் கிளைக்கதை ஒன்றுக்குள் போய், ஊர்ச் சங்கதி ஒன்றையும் தொட்டுவிட்டுத் திரும்புகிறார். அவர் எங்கே நிறுத்துவார் என்று படிப்பவருக்குத் தெரியும். அந்த இடத்தில் அடுத்த தொடர் விழும். சோகமான கட்டத்துக்கு முகாரி வரும், திருமணப் படலத்தில் குரலே மாறும். செய்யுள், இசை, உரை மூன்றும் இங்கே சேர்ந்துவிட்டன. ஆனால் செய்யுளும் இசையும் ஒருவரிடம், உரை மற்றவரிடம். இருவரில் எவரும் கவிஞர் இல்லை. கவிஞர் காஞ்சிபுரத்தில் எப்போதோ வாழ்ந்து முடிந்தவர்.

கத்தோலிக்கர் பக்கத்தில் இதற்கு ஒத்த மரபு வியாகுலப் பிரசங்கம். கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) எழுதியது. தவக்காலத்தில் அதை ஒப்பாரியின் சாயல் கொண்ட இராகத்தில் வாசிப்பார்கள். அடிப்படையில் அது வசனம். வாசிக்கும்போது பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் நிற்கும். தனிக்குரல் ஒன்று நெடுநேரம் சபையைத் துயரத்தில் நிறுத்தி வைக்கலாம் என்பதற்கு நம்மிடமுள்ள பழைய ஆதாரங்களில் இது ஒன்று.

பிரசங்க மேடை

1847 டிசம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் (1822–1879) சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு பழகியவர், கிறிஸ்தவப் போதகர்களின் மேடைமுறையை உள்ளிருந்து அறிந்தவர். அவர் கோயிலுக்குள் கொண்டுவந்தது தனி ஒருவரின் தொடர்பேச்சு. படனத்தில் பயனாக ஒதுங்கியிருந்த உரை இங்கே முன்னுக்கு வந்தது. செய்யுள் மேற்கோளாகச் சுருங்கியது. இராகம் பெரும்பாலும் விலகியது. கோப்பாய் வடக்கைச் சேர்ந்த சபாபதி நாவலரும் இந்தச் சொல்வன்மை மரபில் வந்தவர்தான். திருவாவடுதுறை ஆதீனத்தில் ‘நாவலர்’ பட்டம் பெற்று, ‘திராவிடப் பிரகாசிகை’ எழுதி, 1903இல் காலமானார்.

அந்த மேடையின் செல்வாக்கு இன்றுவரை நீடிக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் தனியாக ஒலிவாங்கியின் முன் நின்றால் சபை அவரிடம் எதிர்பார்ப்பது பேச்சை. கருத்துச் சொல்லவும், மேற்கோள் காட்டவும், முடிவு கூறவும் வேண்டும். பாத்திரமாக மாறி நிற்கவோ, சொன்னதைத் தானே மறுக்கவோ அந்த மேடையில் இடமில்லை. தனியாள் அரங்கில் இறங்கும் கவிஞர் முதலில் எதிர்கொள்வது இந்தப் பழக்கத்தைத்தான்.

வில்லும் ஆமாவும்

கோப்பாயைத் தாண்டி நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர் என்று பருத்தித்துறை வீதியில் போனால் அச்சுவேலி. வில்லிசைப் புலவர் சின்னமணியின் பெயரோடு சேர்ந்த ஊர். வில், வீசுகோல், உடுக்கு, குடம், தாளம் இவற்றோடு ஒரு குழு. நடுவில் இருப்பவர் கதை சொல்வார், பாடுவார், பாத்திரம் மாறுவார், பகிடி விடுவார். தனிக்கவிஞரின் நிகழ்வுக்கு மிக அருகில் வரும் நாட்டார் வடிவம் இது. அப்படியிருந்தும் அவரைத் தனியே விடாமல் வைத்திருப்பது பக்கப்பாட்டுக்காரர் போடும் ‘ஆமா’. அந்த ஒரு சொல் சபையின் பிரதிநிதி. சந்தேகம் கேட்கும், கதையைத் தள்ளும், சில வேளை புலவரையே மடக்கும். தமிழ்நாட்டில் கொத்தமங்கலம் சுப்பு ‘காந்தி மகான் கதை’யைச் சொன்னதும் இதே அமைப்பில்தான்.

நவீன கவிதை இந்த வடிவத்தைத் தேடி வந்த தருணமும் ஒன்று உண்டு. அளவெட்டியில் பிறந்த மஹாகவி (து. உருத்திரமூர்த்தி, 1927–1971) எழுதிய ‘கண்மணியாள் காதை’, வில்லுப்பாட்டுக்கென்றே அமைந்த கதைப்பாட்டு. சாதிக் கொடுமையைச் சொல்லும் அந்தக் காதையை லடிஸ் வீரமணி குழுவினர் மேடையில் நிகழ்த்தினர். புராணமும் வரலாறும் பாடிய வில்லில் சமகாலத்து ஊர்க்கதை ஏறியது.

மஹாகவி மேடைக்குத் தந்த இன்னொன்று இதைவிடப் பெரியது என்பேன். அவர் யாப்பைக் கைவிடாமலே அடியைப் பேச்சின் மூச்சுக்கு ஏற்ப முறித்து எழுதினார். அச்சில் படிக்கட்டுப் போல இறங்கும் அந்த வரிகளைச் சீர் எண்ணி வாசித்தால் மரபுச் செய்யுள். கதைக்கிற மாதிரிச் சொன்னால் அயல்வீட்டுக்காரரின் பேச்சு. நடிகருக்கு இது பெரிய உதவி. செய்யுளிலிருந்து பேச்சுக்கு மாறும் இடத்தில் குரல் தட்டுப்படாது. ஏ. தாசீசியஸ் 1969இல் மேடையேற்றிய ‘கோடை’ என்ற பா நாடகத்தில் இந்தப் பேச்சோசை பல பாத்திரங்களுக்குப் பங்கிடப்பட்டது. இ. முருகையனும் இதே திசையில் பா நாடகங்கள் எழுதினார். ஒரே வாயில் பல குரல்களை ஏற்றுவதற்கான யாப்பு 1970க்கு முன்பே ஈழத்தில் தயாராகிவிட்டது. கவிஞர் தானே மேடையில் நின்று அதை முழுநிகழ்வாக ஆக்கும் முயற்சி மட்டும் தொடரவில்லை. கவிஞர் எழுதிக் கொடுத்தார். மேடை நெறியாளரிடமும் குழுவிடமும் போயிற்று.

கவியரங்கிலிருந்து கவிதா நிகழ்வுக்கு

கவிஞர் தாமே ஏறிய மேடை கவியரங்கு. தலைமைக் கவிஞர் ஒருவர், தலைப்பு ஒன்று, வரிசையாகப் பலர். நல்ல அடியைத் திரும்பச் சொல்லவைப்பதும் கைதட்டலும் அங்கே பக்கக்குரலின் வேலையைச் செய்தன. அதன் பலவீனமும் அதுதான். கைதட்டல் விழும் இடத்தைக் குறிவைத்து அடி எழுதும் வழக்கம் வந்தது. நாலாவது அடியில் வெடி வைக்காத கவிதைக்கு அங்கே மதிப்பில்லை.

1980களின் முற்பகுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சூழலில் வளர்ந்த ‘கவிதா நிகழ்வு’ இதற்கு மாற்றாக வந்தது. எம்.ஏ. நுஃமான், சேரன், வ.ஐ.ச. ஜெயபாலன் போன்றோர் எழுதிக்கொண்டிருந்த காலம். 1981இல் யாழ். பொது நூலகம் எரிந்தது; 1983இல் தமிழருக்கு எதிரான இனவன்முறை வெடித்தது; 1985இல் ‘மரணத்துள் வாழ்வோம்’ கவிதைத் தொகுப்பு வெளியாயிற்று. கவிதா நிகழ்வில் ஒரு கவிதையைப் பலர் பங்கிட்டுச் சொன்னார்கள். சில வரிகளைக் கூட்டாக, சிலவற்றைத் தனியாக, சிலவற்றைப் பாட்டாக. உடலும் அசைந்தது. அதே 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ இந்தக் கவிதைமொழியை முழுநாடகத்துக்குள் கொண்டுபோனது. எல்லோருக்கும் நேர்ந்ததை ஒருவர் குரலில் மட்டும் சொல்வது அன்று போதவில்லை. கூட்டுக்குரல் அந்தக் காலத்தின் நியாயமான தேர்வு.

அதற்குக் கொடுத்த விலையும் இருக்கிறது. கூட்டுக்குரலில் ‘நாங்கள்’ நன்றாக ஒலிக்கும். தயங்குகிற, தன்னோடு தானே முரண்படுகிற ‘நான்’ அதில் கரைந்துவிடும். போருக்குப் பிந்திய கவிதைகள் பலவற்றில் அந்த ‘நான்’ திரும்ப வந்திருக்கிறது. வாசிப்பு மேசையில் அதைக் கேட்கிறோம். மேடையில் அதற்கேற்ற வடிவம் இன்னும் கூடிவரவில்லை.

பிற இடங்களில்

அயலைப் பார்த்தால் பக்கக்குரல் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதில்லை என்று தெரியும். சத்தீஸ்கரின் தீஜன் பாய் பாண்டவானியில் பாரதக் கதை சொல்லிப் பெயர்பெற்றவர். கையிலிருக்கும் தம்பூரா ஒரு கணம் பீமனின் கதாயுதமாகிவிடும். உலகம் அறிந்த தனிக்கலைஞர், 2019இல் பத்ம விபூஷண் பெற்றவர். ஆனாலும் பக்கத்தில் ‘ராகி’ இருந்து பதில் கொடுக்க வேண்டியிருந்தது. கேரளத்தில் வி. சாம்பசிவன் (1929–1996) கதாப்பிரசங்கத்தைக் கோயிற் கதையிலிருந்து வெளியே எடுத்து, ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவையும் தோல்ஸ்தோயின் கதைகளையும் பாட்டும் வசனமுமாகச் சொன்னார். அங்கே வாத்தியக் குழு பக்கக்குரலாயிற்று. இத்தாலியின் தாரியோ ஃபோ ‘மிஸ்தேரோ புஃபோ’வில் வாத்தியமும் இல்லாமல் தனியே நின்று பல பாத்திரங்களையும் தானே பேசினார், அவருக்குப் பதில் கொடுத்தது சபை.

ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த திருநர் கலைஞர் டி’லோ கவிதை, ஹிப்ஹொப், நகைச்சுவை, தனிமொழி எல்லாம் கலந்த தனிநிகழ்வுகளை ஆங்கிலத்தில் நடத்துகிறார். அவருடைய பெயர்பெற்ற பாத்திரம் அம்மா. பிள்ளையைக் கேள்வி கேட்கும் அந்தத் தாய், மகன் குரலுக்குள்ளேயே பக்கக்குரலாக இருக்கிறார். பயன் சொல்பவரை வெளியே உட்கார வைக்காமல் தன் வாய்க்குள் எடுத்துக்கொண்ட வழி இது. யாழ்ப்பாணத்து அரங்குக்கு இதில் படிக்க நிறைய உண்டு.

மேடைக்கு வேண்டியவை

ஆகவே இங்கே உருவாகவேண்டிய தனியாள் கவிதை அரங்கு தன் உறுப்புகளை வெளியிலிருந்து இரவல் வாங்கத் தேவையில்லை. கவிஞர் செய்ய வேண்டியது, படிப்பவரும் பயன் சொல்பவரும் தானே ஆவது. ஒரு கவிதையைப் பாடிவிட்டு அதைச் சந்தேகிக்கும் குரலில் கதைப்பது. ‘ஆமா’ சொல்லும் வாயால் ‘அப்பிடியோ?’ என்றும் கேட்பது. பிரசங்க மேடை பழக்கிய முடிவுரையை வேண்டுமென்றே தராமல் விடுவது. இசைக்கும் இதே விதிதான். கவிதைக்குப் பின்னால் கீபோர்ட் ஒன்று இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தால் அது பக்கக்குரல் ஆகாது. உடுக்கு ஒரு தட்டில் கேள்வி கேட்கும்; ஓய்ந்தால் அதுவும் பதில்.

பயிற்சி பாடசாலையில் தொடங்கலாம். பாவோதல், பேச்சு, இசை மூன்றையும் ஒரே பிள்ளை ஒரே கவிதையை வைத்துச் செய்யும் ஒரு பிரிவைப் போட்டியில் சேர்த்தால் போதும். ஆசிரிய கலாசாலை இருக்கும் கோப்பாய் அதைப் பரீட்சித்துப் பார்க்கப் பொருத்தமான இடம். பதிவு செய்வதிலும் பழைய ஒழுங்கு ஒன்று கைவசம் இருக்கிறது. கூத்துப் பிரதிகளும் கீர்த்தனைப் பதிப்புகளும் பாட்டின் தலையில் இராகமும் தாளமும் குறித்தே அச்சாயின. நம் கவிதைத் தொகுப்புகள் சொல்லை மட்டும் காப்பாற்றி, சொன்ன விதத்தைக் கைவிட்டன. மேடைக்கென எழுதும் கவிஞர் எங்கே பாடினார், எங்கே கதைத்தார், எவ்விடத்தில் நிறுத்தினார் என்பதைப் பிரதியிலேயே குறித்து வெளியிடட்டும். அடுத்தவர் அதை எடுத்து வேறு விதமாகச் செய்ய அந்தக் குறிப்புகள் வேண்டும்.