மீரியபெத்தைக்குப் பின்: மலையக எழுத்தும் எழுதப்படாத நாட்களும்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்திலுள்ள கொஸ்லந்தைக்கு அண்மையில், மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மலைச்சரிவு மூடியது. அதனையொட்டி எழுந்த இரங்கற் கவிதைகளை நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் மண் மூடிய கணத்திலேயே நின்றுவிடுவதைக் காணலாம். தேயிலைக்கு உரமானவன் தேயிலையடியிலேயே புதைந்தான் என்ற உருவகம் அவற்றுக்குப் போதுமானதாயிருந்தது. துயரம் மெய்யானதே. ஆனால் அவ்வுருவகம் மீரியபெத்தைக்கு முன்பே ஆயத்தமாயிருந்த ஒன்று. அந்த நாளுக்கென உருவானதன்று.

அதற்குப் பின் நிகழ்ந்தவை எளிதில் உருவகத்துள் அடங்குபவையல்ல. காலையிற் பாடசாலைக்குச் சென்றிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் இருந்தனர்; அவர்கள் திரும்பிவர வீடு இருக்கவில்லை. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கிற் சொல்லப்பட்ட இறந்தோர் தொகை, பின்னர் நாற்பதுக்குக் கீழே இறங்கியது. ஒரு தோட்டத்தில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதை உடனே சொல்லக்கூடிய ஏடு எவர் கையிலும் இருக்கவில்லை என்பதே இதன் பொருள். எஞ்சியோர் முதலிற் பாடசாலைகளிலும், பின்னர் மாக்கந்தைத் தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டனர். பூனாகலைப் பகுதியில் ஏழு பேர்ச் காணியில் அமைந்த 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டாண்டுகளே விமர்சகனின் கவனத்தை வேண்டி நிற்பவை.

அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எழுத்திலிருந்தது, லயனும் இருந்த இடத்திலேயே இருந்தது. இதற்குப் பொறுப்பாளி யார்? தோட்டக் கம்பனியா, அரசா, சந்தா வாங்கும் தொழிற்சங்கங்களா? ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சுட்டியது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றதன் பின், குடியிருப்பு எவருக்கும் முழுமையாகச் சொந்தமற்ற பொறுப்பாகிவிட்டது.

மலையகப் புனைகதை தடுமாறுவதும் இவ்விடத்திலேதான். ஐம்பதுகள் தொட்டு எழுபதுகள் வரையிலான கதைகளில் அதிகாரத்துக்கு ஒரு முகம் இருந்தது. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று ஆளைக் காட்டிக் கோபப்பட முடிந்தது. இன்றைய எதிரி ஒரு கோப்பு. அது ஏசுவதுமில்லை, அடிப்பதுமில்லை. ஒரு மேசையிற் கிடக்கிறது. அதனைக் கதாபாத்திரமாக்கும் வழியை நம் எழுத்தாளர் பலர் இன்னும் தேடவில்லை. பழைய துரையையே புதிய சட்டையில் நிறுத்துவது சோம்பலன்றி வேறில்லை.

ஆயினும் மரபு வெறுங்கையாக நிற்கவில்லை. ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இற் பிறந்து, தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் இங்கு மனங்கொள்ளத்தக்கவர். அவருடைய 'மீன்கள்' சிறுகதையில் வெள்ளமுமில்லை, கலவரமுமில்லை. ஒரே காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளோடு ஒரு குடும்பம் படுத்துறங்க வேண்டியிருக்கிறது, அவ்வளவே. அந்நெருக்கத்தினின்று பிறக்கும் வெட்கம், எந்த முழக்கத்தையும் விடக் கூர்மையாக லயனைக் குற்றஞ்சாட்டுகிறது. தொழிற்சாலைத் தளத்திற் குடும்பங்கள் அடுத்தடுத்துப் படுத்த இரவுகளை எழுத விரும்புவோர் தொடங்கவேண்டிய இடம் இதுவே. பேரழிவு அவர்களை அந்நெருக்கத்துள் புதிதாகத் தள்ளிவிடவில்லை. பழைய நெருக்கத்தைச் சற்றுப் பெரிய கூரையின் கீழ் நீட்டித்தது.

2010இல் நூலான அவருடைய 'குடை நிழல்' நாவலும் இவ்வழியிற் செல்வதே. எண்பதுகளின் கொழும்பில் ஒரு மலையகத் தமிழ்க் குடும்பத்தைச் சூழும் அச்சம், அதில் அன்றாட அலுவல்களினூடாகவே கசிகிறது. 1983 யூலை வன்செயல் பதுளை நகரையும் எரித்தது. எனினும் அந்நகரின் கடைத்தெரு எவ்வாறு மீண்டும் திறந்தது, அடித்தவனும் அடிபட்டவனும் மறுபடி எப்படி ஒரே பஸ்ஸில் ஏறினர் என்பவற்றை அதே நிதானத்தோடு எழுதிய ஊவா நாவல் ஒன்று நமக்கு வேண்டியிருக்கிறது. நெருப்பை எழுதியவர் பலர். மறுநாட் காலைக்கு ஆளில்லை.

மீரியபெத்தைக்கும் அவ்வாறே. காணாமற்போன கொழுந்துபறிப்பவளின் பெயர் செக்ரோலில் எந்த நாளில் வெட்டப்பட்டது? வெட்டிய கிளாக்கர் அதற்கு முன் எத்தனை நாள் அவ்விடத்தை வெறுமையாக விட்டுவைத்தார்? அவள் பெயர் இல்லாத முதற் சம்பள நாளில் வரிசையில் நின்றவர்கள் என்ன பேசிக்கொண்டனர்?