அட்டையின் பின்பக்கம்

வாழ்த்து அட்டையில் மெஷின் தையல் போடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் பரவிவருகிறது. தையல் முடிந்த கையோடு உள்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிப் பாபின் நூலை மறைத்துவிடுகிறார்கள். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் என்பது அவர்கள் கட்சி. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. யார் செய்த அட்டை கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்தப் பின்பக்கத்தைத்தான். முன்பக்கத்தில் அச்சும் மையும் தாளும் சேர்ந்து தையலைத் தூக்கிக் கொடுக்கும். பின்பக்கத்தில் தையல் தன் பலத்தில் நிற்க வேண்டும்.

அங்கே முதலில் துளைகள். தாளைக் குத்திக்கொண்டு வெளிவரும் ஊசி, பின்பக்கம் துளைக்குத் துளை ஒரு சின்ன மேட்டை எழுப்பும். விரலை ஓட்டினால் வரிசையாகத் தட்டுப்படும். ஊசி கூராக இருந்தால் மேடுகள் ஒரே அளவில் இருக்கும். மழுங்கிய ஊசியென்றால் தாள் பிய்ந்து பிசிறு தள்ளி நிற்கும். தாள் ஊசியைச் சீக்கிரம் மழுங்கடித்துவிடும்; ரவிக்கை தைக்கிற ஊசியாலேயே அட்டையும் தைத்தால் இரண்டும் கெடும். அட்டைக்கென்று ஒரு 14-ஆம் நம்பர் ஊசியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். தொடங்குவதற்கு முன் கழிவுத் தாளில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தால் மெஷின் எண்ணெயும் அதிலேயே போய்விடும்.

அடுத்தது நூல். டென்ஷன் சரியாக இருந்தால் மேல்நூலும் பாபின் நூலும் தாளின் தடிமனுக்குள்ளேயே கோத்துக்கொள்ளும். துணி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், தாள் விட்டுக்கொடுக்காது. மேல்நூல் லூசாக இருந்தால் பின்பக்கம் துளைதோறும் சுருக்கு விழும். இறுக்கிவிட்டால் பாபின் நூல் மேலேறி முன்பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். நான் மதிக்கும் கைக்காரர்கள் மேலே அரக்கு நிறம், பாபினில் சந்தன நிறம் என்று வேண்டுமென்றே மாற்றிப் போடுவார்கள். ஒரே நிறத்தில் தப்பு ஒளிந்துகொள்ளும். இரு நிறத்தில் அதற்கு இடமில்லை.

கடைசியாக நூல் முனை. துணியில் செய்வதுபோல் ரிவர்ஸ் அடித்து முடித்தால் அதே இடத்தில் ஊசி மீண்டும் மீண்டும் இறங்கி மூலையே கிழிந்துவிடும். மேல்நூலைப் பின்பக்கம் இழுத்து, பாபின் நூலோடு சேர்த்து முடிச்சுப் போட்டு, விரற்கடை அளவு வால் விட்டு நறுக்க வேண்டும். அந்த முடிச்சு இருக்கும் இடத்தை வைத்தே செய்தவரின் பொறுமையைச் சொல்லிவிடலாம்.

தையல் நீளத்தில் எனக்கும் நண்பர்களுக்கும் தீராத வழக்கு. நெருக்கமான பொடித்தையல்தான் நயம் என்பார்கள். துணியில் சரி. தாளில் இன்ச்சுக்குப் பன்னிரண்டு துளை விழுந்தால் அது தபால்தலைத் தாளின் ஓரம்போல் மடித்துக் கிழிக்கத் தோதாகிவிடும். இன்ச்சுக்கு 6 முதல் 8 போதும். ஜிக்ஜாக் பிரியர்களும் உண்டு. குழந்தைகளுக்கான அட்டையில் அது உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நல்ல அச்சைச் சுற்றி வரவேண்டியது நேர்த்தையல். அச்சோடு போட்டி போடாமல் அதற்கு எல்லை கட்டிக் கொடுப்பது அதுதான்.

அதற்குப் பழைய கறுப்பு உஷாவோ சிங்கரோ போதும், அதுவும் கைப்பிடி வைத்துச் சுற்றுகிற மெஷின். மோட்டார் மெஷினில் மூலை தப்பும். கை மெஷினில் மூலைக்கு நான்கு தையல் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, கடைசித் தையலை அரைச் சுற்றில் இறக்கி, ஊசி தாளுக்குள் இருக்கும்போதே காலைத் தூக்கி, அட்டையைத் திருப்பி, காலை இறக்கலாம். நான்கு மூலையிலும் துளை சரியாக முனையில் விழுந்த அட்டையைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அச்சைப் பற்றிச் சுருக்கமாக. ஒளி ஊடுருவும் பாலிமர் அச்சுகள் வந்தபின் எங்கே பதிகிறோம் என்று பார்த்துப் பதிக்க முடிகிறது. அந்த வசதியை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மரக்கட்டையில் ஏற்றிய சிவப்பு ரப்பர் மையை வாங்கிக்கொள்கிற விதமே வேறு. வெர்சாஃபைன்போல எண்ணெய்ப் பதமுள்ள பிக்மென்ட் மையில் அதை நனைத்துப் பதித்தால் இலை நரம்பெல்லாம் எழுந்து வரும். எம்பாசிங் பவுடர் தூவிச் சூடுகாட்டிய இடத்தில் ஊசியை இறக்கக் கூடாது, உதிரும். அச்சு முதலில், தையல் பிறகு என்பதும் மாறாத விதி. துணியில் பிரித்துத் தைக்கலாம். தாளில் நூலைப் பிரித்தாலும் துளை போகாது.

இந்தக் கலையின் மூன்று அங்கங்களும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. லண்டனில் ஹென்றி கோல், ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு கிறிஸ்துமஸ் அட்டை அச்சடித்து விற்பனைக்கு விட்டது 1843-இல். அமெரிக்காவில் குட்இயர் ரப்பரைப் பதப்படுத்தக் காப்புரிமை வாங்கியது 1844-இல். மேல்நூலும் கீழ்நூலும் கோக்கும் தையலுக்கு எலியாஸ் ஹோவ் வாங்கியது 1846-இல். தனித்தனியே பிறந்த மூன்றும் இன்று ஒரு மேசையில் கூடுகின்றன.

எங்கள் வீட்டில் அவை கூடியது பெரியம்மாவின் கையில். மார்கழிக் கடைசியில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, சிவப்பு மையில் தோய்த்து, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில் பூப்பூவாகப் பதிப்பார். காய்ந்ததும் பச்சை நூலில் சுற்றிலும் ஒரு தையல். சிவகாசியிலிருந்து ஜிகினா தூவிய பொங்கல் வாழ்த்துகள் கடைகடையாய்த் தொங்கிய காலம் அது. ஊரில் பலருக்கும் அவைதான் பிடிக்கும். அத்தை மட்டும் பெரியம்மாவின் அட்டைகளை மருமகளிடம்கூடக் கொடுக்காமல் பெட்டியில் வைத்திருந்தார். காகிதத்தில் தையல் அன்று யாருக்கும் அதிசயம் இல்லை. பள்ளி நோட்டு வாங்கும்போதே பின் அடித்தது வேண்டாம், நடுத்தையல் போட்டது கொடுங்கள் என்று கேட்டு வாங்கிய வீடுகள் உண்டு.

தாளும் பார்த்து எடுக்க வேண்டும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து கையால் செய்யும் காகிதத்தில் இழை நீளம். துளைக்கும் துளைக்கும் நடுவே அது பிடித்து நிற்கும். மரக்கூழ் அட்டையில் அந்தப் பிடிப்பு குறைவு.

இப்போது கடைகளில் ‘கைவினை’ என்று ஒட்டி வருகிற அட்டைகளில் தையலே கிடையாது. ஓரத்தைச் சுற்றித் தையல்போலக் குழி விழும்படி டையால் அழுத்திவிடுகிறார்கள். சிலர் கோடு கோடாக அச்சடித்தே விடுகிறார்கள். அழகுக்குத்தானே, எப்படி இருந்தால் என்ன என்று கேட்கிறார்கள். தையல் அழகுக்கு மட்டும் வந்ததல்ல. இரண்டு தாளைப் பசையில்லாமல் சேர்த்துப் பிடிப்பது அதன் வேலை. அழகு அந்த வேலையிலிருந்து வருவது. சென்னைக் காற்றின் ஈரத்தில் இரட்டைப் பக்க டேப் சில வருடங்களில் மஞ்சளாகக் கசிந்து பிடிவிட்டுவிடும். நூல் அப்படியே இருக்கும். நேரம் பிடிக்கிற வேலை என்று கூடுதல் விலை கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். நூல் இல்லாத தையலுக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.