ரன்இட்: மூன்று வரியில் ஒரு காவல்

லினக்ஸ் கெர்னல் எழுந்ததும் முதலில் ஓடவிடும் நிரலின் செயல் எண் 1. மற்ற சேவைகளை எழுப்புவதும், விழுந்ததைத் தூக்கி நிறுத்துவதும் அதன் பொறுப்பு. 2010-இல் வந்த சிஸ்டம்டி இன்று பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் அந்த இடத்தில் இருக்கிறது. ஆனாலும் வாய்ட் லினக்ஸ் என்ற டிஸ்ட்ரோவில் ஓடும் ரன்இட்டின் அழகு தனி. அதில் ஒரு சேவை என்பது ஒரு கோப்புறை. உள்ளே ‘ரன்’ என்ற சிறு ஷெல் ஸ்கிரிப்ட். பல சேவைகளுக்கு மூன்று வரியே போதும். கடைசி வரி ‘எக்ஸெக்’ என்று தொடங்கும், சூட்சுமமே அங்கேதான். ஷெல் தன் இடத்தைச் சேவைக்கே விட்டுக்கொடுப்பதால், காவலிருக்கும் ரன்எஸ்வி என்ற ரன்இட் நிரல் அதற்கு நேரடித் தாயாகிறது. பிள்ளை விழுந்தால் கெர்னலே தாய்க்குச் சொல்லிவிடும். சிஸ்டம்டிக்கு முந்தைய சிஸ்வி முறையிலோ செயல் எண்ணைக் கோப்பில் குறித்துவைத்துத் தேட வேண்டும். அதற்குள் அந்த எண் வேறு நிரலுக்குப் போயிருக்கலாம்.

எது முன், எது பின் என்ற வரிசை ரன்இட்டுக்குத் தெரியாது என்பார்கள். உண்மைதான். ஒரு சேவைக்குத் தரவுத்தளம் தேவையென்றால், அது தயாரா என்று அந்தச் சேவையின் ஸ்கிரிப்டே கேட்டுப் பார்த்து, இல்லையென்றால் வெளியேற வேண்டும். ஒரு நொடி கழித்து ரன்எஸ்வி மறுபடி எழுப்பும். முரட்டு வழிதான், ஆனால் நடுவில் செத்துப் பிழைத்த தரவுத்தளத்தையும் இதே வழி சமாளிக்கிறது. சிஸ்டம்டியோ, செயல்களைக் குழுவாகப் பிரிக்கும் கெர்னல் வசதியான சிகுரூப் வழியாகப் பேரப்பிள்ளைச் செயல்களையும் கணக்கில் வைக்கிறது. பெரிய சர்வர் கூட்டத்துக்கு அதுவே சரி. வீட்டுக் கணினிக்கும் சிறு சர்வருக்கும், முழுக்கப் படித்துப் புரிந்துகொள்ள முடிகிற ரன்இட்டே என் தேர்வு. ஒரு ‘ரன்’ கோப்பைத் திறந்து படித்துப் பாருங்கள்.