கினு

ராயபுரத்துப் பேச்சைக் கதையில் எழுதினால் இரண்டு வகை விமரிசனம் வரும். தமிழைக் கெடுத்துவிட்டான் என்பது ஒன்று. தத்ரூபமாக இருக்கிறது என்பது மற்றொன்று. என் நாவலொன்றில் வந்த துறைமுகத் தொழிலாளிக்கு இரண்டும் கிடைத்தன. இரண்டுமே தவறு என்று இப்போது எனக்குப் படுகிறது.

அவன் வாயில் நாஸ்தா, பேஜார், துட்டு என்று அள்ளிப் போட்டிருந்தேன். அதோடு பாஷை வந்துவிட்டதாக நினைப்பு. துட்டு டச்சுக்காரனுடைய காசு. மற்ற இரண்டும் பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்தவை. ஆனால் ராயபுரத்தான் துட்டுக்கு, நாஸ்தாவுக்கு என்றுதான் சொல்கிறான். சொல்லைக் கடன் வாங்கினானே தவிர, வேற்றுமை உருபைக் கடன் வாங்கவில்லை.

பண்டைய எகிப்திய மொழியின் இலக்கணத்தைப் பற்றிப் படித்தபோதுதான் இது உறைத்தது. ஆதியில் அந்த மொழியில், ஆங்கிலத்தில் ‘தி’ வருவதுபோல் பெயருக்கு முன்னால் எதுவும் வராது. நாளடைவில் ஜனங்கள் ‘பா’ என்ற சுட்டுச் சொல்லைப் பெயருக்கு முன்னால் சேர்த்துப் பேசலானார்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு கதைகளிலும் கடிதங்களிலும் அந்தப் பேச்சு தாராளமாக ஏறியது. கோயில் எழுத்தர்கள் மட்டும் அதன் பிறகும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய நடையையே கல்லில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதே மொழி கடைசியில் காப்டிக் என்ற உருவை அடைந்தபோது, ‘பா’ தேய்ந்து ‘ப்’ என்ற ஒற்றை ஒலியாகி, சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கிரேக்கச் சொற்கள் ஏராளமாக நுழைந்தன. அவற்றின் தலையிலும் எகிப்திய ஒட்டுத்தான். 1822இல் ஷாம்போலியோன் சித்திர எழுத்தின் மர்மத்தை விடுவித்தபோது அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது இந்தத் தேய்ந்த மொழி.

நம்முடைய ‘குந்திக்கினு’வைப் பாருங்கள். ‘கினு’ என்பது ‘கொண்டு’வின் தேய்வு. கொச்சை என்று முகம் சுளிக்கிறோம். ஆனால், ‘நடந்துகொண்டு’ என்று சுத்தமாக எழுதும்போது யார் எதைக் கையில் கொள்கிறார்கள்? அச்சுத் தமிழிலேயே அந்தச் சொல்லின் அர்த்தம் தேய்ந்துவிட்டது. ராயபுரம் அதன் ஒலியையும் தேய்த்தது, அவ்வளவுதான். தனிச் சொல்லொன்று இப்படித் தேய்ந்துதான் விகுதியாகிறது. அதைக் கெட்ட தமிழ் என்பவர், பேசுகிறவனையே ஒரு படி கீழே தள்ளிவிடுகிறார்.

என் தொழிலாளி, “நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டு வருகிறேன்” என்றான். சொல் ராயபுரம், விகுதி மயிலாப்பூர் வாத்தியார். தத்ரூபம் என்று பாராட்டியவர்கள் சொல்லை மட்டும் பார்த்தார்கள். நானும் அதைத்தான் பார்த்திருக்கிறேன். அவன், “நாஸ்தா துன்னுக்கினு வர்றேன்” என்றல்லவா சொல்லியிருப்பான்? அடுத்த பதிப்பில் நாஸ்தாவை எடுத்தாலும் எடுப்பேன். ‘கினு’வைச் சேர்க்காமல் விடமாட்டேன்.