‘சீண்டாதிருந்தால் தீங்கில்லை’: ஓர் அறிவுரையைச் சீர்தூக்கிப் பார்ப்போம்

பழைய வீட்டைப் பிரித்துப் புதுக்க முனைகிறவர்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பற்றி ஓர் அறிவுரையைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். “அது சிமென்டோடு இறுகிக் கிடக்கும் பொருள். சீண்டாமல் விட்டால் ஒரு தீங்கும் இல்லை” என்பதே அது. தகடு விற்பவர்கள் இதைச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்காரர்களுக்குக் கூறுவதும் ஏறத்தாழ இதுவே. ஆனால் அந்த முகமை அதோடு நிறுத்திக்கொள்வதில்லை. பொருள் பழுதுபட்டிருந்தாலும், அதைக் கலைக்க வேண்டிய வேலை வந்தாலும், பயிற்சி பெற்றவரையே அழைக்க வேண்டும் என்று தொடர்ந்து சொல்கிறது.

நம்மிடையே வழங்குவது முதற்பாதி மட்டுமே. இரண்டாம் பாதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. இந்த அரைகுறை அறிவுரையில் உண்மை எவ்வளவு, குறை எவ்வளவு என்று சற்று ஆராய்வோம்.

அறிவுரையில் உள்ள உண்மை

ஆஸ்பெஸ்டாஸ் என்பதைத் தமிழில் கல்நார் என்கிறோம். பொருத்தமான பெயர். இது பாறையிலிருந்து எடுக்கப்படும் கனிமம். ஆனால் நாரைப்போல் இழை இழையாகப் பிரியும். வெள்ளை, நீலம், பழுப்பு முதலிய ஆறு வகைகள் உண்டு. தீயில் எரியாது, எளிதில் அறுபடாது, விலையும் மலிவு. இந்த நாரைச் சிமென்டுடன் கலந்து தகடாக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் உருவாயிற்று. தகட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே நார். எஞ்சியது பெரும்பாலும் சிமென்டு.

சிமென்டு நாரைப் பிடித்துவைத்திருக்கும் வரை காற்றில் நார் மிகுதியாகக் கலப்பதில்லை. நார் தூசாகப் பறக்கும்போதுதான் அபாயம். காற்றில் நாரை எண்ணும் ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வது 5 மைக்ரானுக்கு மேல் நீளமும் 3 மைக்ரானுக்குக் குறைந்த தடிப்பும் உள்ள இழைகளை. நம் தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரான். இத்தனை நுண்ணிய இழை மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழத்துக்குச் சென்றுவிடும். அந்நியப் பொருளை விழுங்கிச் செரிக்கும் நம் உடலின் காவல் அணுக்கள் இந்த நீண்ட இழைகளை விழுங்க முடியாமல் தோற்றுப்போகின்றன. நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய், நுரையீரல் புற்று, நுரையீரலைச் சூழ்ந்த உறையில் தோன்றும் ‘மீசோதீலியோமா’ என்னும் புற்று ஆகியவை இதனால் விளைகின்றன. நோய் வெளிப்பட இருபது முதல் நாற்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம்.

ஆகவே ‘தூசு இல்லையேல் தீங்கு இல்லை’ என்ற அளவில் அறிவுரை சரியே. கல்நார்க் கூரையின் கீழ் வாழ்பவர் அஞ்சி நடுங்கி நாளையே அதை அடித்து நொறுக்க வேண்டியதில்லை. அப்படிச் செய்தால்தான் இல்லாத தூசு உண்டாகும்.

சீண்டாத கூரை எங்கே இருக்கிறது?

குறை இங்கேதான் தொடங்குகிறது. மேலைநாட்டு அறிவுரைகள் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் தரை ஓடு, குழாய்களைச் சுற்றிய உறை, உட்கூரைப் பூச்சு ஆகியவற்றை மனத்தில் கொண்டவை. நம் கல்நாரோ வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கூரை. மழைநீரின் மெல்லிய அமிலத்தன்மை ஆண்டுக்கணக்கில் மேற்பரப்புச் சிமென்டைக் கரைக்கிறது. பாசி பற்றுகிறது. கரைந்த இடத்தில் நார் தலைகாட்டுகிறது. தென்னை மட்டை விழுந்து விரிசல் காண்கிறது. ஆன்டெனா கட்டவும் குழாய் நுழைக்கவும் யாரோ ஒருவர் துளை போடுகிறார். ‘சீண்டாத தகடு’ என்பது கடையில் வாங்கிய அன்றைய நிலை. முப்பது ஆண்டு மழை கண்ட கூரையின் நிலை அன்று.

மேலும், வீட்டைப் புதுக்குவது என்றாலே சீண்டுவதுதான். அவ்வேலையில் இறங்குகிறவரிடம் ‘சீண்டாதே’ என்று மட்டும் சொல்வது, ஆற்றில் இறங்குகிறவரிடம் ‘நனையாதே’ என்பது போன்றது.

இது வெறும் வாதமன்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1960 முதல் 2008 வரை மீசோதீலியோமா கண்டவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. 2005 முதல் 2008 வரையான நான்கு ஆண்டுகளில் இந்நோய் கண்ட ஆண்களில் 8.4 சதவீதத்தினரும், பெண்களில் 35.7 சதவீதத்தினரும் வீட்டைப் பழுதுபார்க்கும்போதும் புதுக்கும்போதும் கல்நார்த் தூசுக்கு உள்ளானவர்கள் என்று அது கண்டது. இவர்கள் சுரங்கத் தொழிலாளர் அல்லர். தத்தம் வீட்டுச் சுவரையும் கூரையையும் அறுத்தவர்கள், அல்லது அருகில் இருந்தவர்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஆஸ்திரேலியத் தகடுகளில் நீலமும் பழுப்பும் கலந்திருந்தன, நம் தகடுகளில் பெரும்பாலும் வெள்ளைக் கல்நார்தான் என்பார்கள். மீசோதீலியோமாவைப் பொறுத்தவரை நீலமும் பழுப்பும் வெள்ளையைவிடக் கொடியவை என்பது மெய். ஆனால் குறைந்த அபாயம் என்பது அபாயமின்மை ஆகாது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெள்ளை உள்ளிட்ட எல்லா வகைக் கல்நாரையும் மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

தூசு யார்மேல் விழுகிறது?

அறிவுரையின் பெரிய குறை வேறொன்று. அது வீட்டுக்காரரை நோக்கிப் பேசுகிறது. சுத்தியலைக் கையில் வைத்திருப்பவரை நோக்கிப் பேசவில்லை. நம் ஊரில் கூரை பிரிப்பவர் நாள்கூலிக்கு வரும் தொழிலாளி. ஒப்பந்தக்காரர் ‘சீக்கிரம்’ என்பார். தகட்டைத் தட்டி உடைத்துக் கீழே எறிவது சீக்கிரம். மின்சாரக் கட்டரால் அறுப்பது இன்னும் சீக்கிரம். எழும் வெண்புகைக்கு எதிராக அவர் முகத்தில் கட்டியிருப்பது ஒரு துண்டு. அது மண்ணைத் தடுக்கும்; கல்நார் இழையைத் தடுக்காது.

அந்தத் தூசு அவரோடு நிற்பதுமில்லை. இலண்டன் மருத்துவமனை ஒன்றில் மீசோதீலியோமாவால் பாதிக்கப்பட்ட 76 பேரைப் பற்றிய ஆய்வு 1965-இல் வெளியாயிற்று. அவர்களில் 9 பேர் கல்நார் வேலையே செய்யாதவர்கள். வீட்டில் ஒருவர் அந்த வேலை செய்துவந்தார், அவ்வளவே. வேலை உடையில் ஒட்டி வந்த தூசு, அதை உதறித் துவைத்தவரின் நுரையீரலில் சேர்ந்தது.

நம் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் அளித்த தீர்ப்பு, கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாள் தொட்டுக் குறைந்தது 40 ஆண்டுகளோ, வேலையை விட்டபின் 15 ஆண்டுகளோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காத்துவைக்க வேண்டும் என்றது. நோயின் இயல்பை நன்கறிந்து சொன்ன தீர்ப்பு. ஆனால் ஒரு தெருவில் இன்று ஒரு கூரை, மறு தெருவில் நாளை ஒரு கூரை என்று பிரித்துச் செல்பவருக்குப் பதிவேடு ஏது? முப்பது ஆண்டு கழித்து அவருக்கு மூச்சு வாங்கினால், எந்தக் கூரையால் வந்தது என்று யார் சொல்வார்? ‘எங்கள் ஊரில் இதனால் யாரும் செத்ததில்லை’ என்ற பேச்சின் அடிப்படை பெரும்பாலும் இந்தப் பதிவின்மைதான்.

முழுமையான அறிவுரை எது?

முதலாவது, ஐயம் இருந்தால் கல்நார் என்றே கொள்ள வேண்டும். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க இயலாது. ஆய்வுக்கூட நுண்ணோக்கியே சொல்லும். தகட்டில் ஐ.எஸ். 459 என்ற எண் இருந்தால் ஐயமே வேண்டாம். அது கல்நார் சிமென்டு நெளிதகடுகளுக்கான இந்தியத் தர எண்.

இரண்டாவது, கூரைமேல் நேராகக் கால் வைக்கலாகாது. பழைய தகடு ஆள் எடையைத் தாங்காது. தூசு கொல்ல முப்பது ஆண்டு ஆகும். தகடு உடைந்து விழுந்தால் அன்றைக்கே உயிர் போகும். சாரமும் பலகையும் இன்றி வேலை தொடங்கக் கூடாது.

மூன்றாவது, தகட்டை நன்றாக நனைத்த பிறகே தொட வேண்டும். நீரில் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்தால் நன்கு ஊறும். கொக்கி ஆணிகளைக் கழற்றி அல்லது வெட்டி, தகட்டை உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும். கட்டர் கூடவே கூடாது. சிதறியதை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

நான்காவது, நுண்தூசைத் தடுக்கும், முகத்தோடு பொருந்தும் தரமான முகமூடி வேண்டும். வேலை உடையை அங்கேயே கழற்றிக் குளித்துவிட்டுச் செல்ல வேண்டும். அந்த உடையை வீட்டுத் துணியோடு சேர்க்கலாகாது. தகட்டை இறக்கும் நேரத்தில் குழந்தைகளும் அக்கம்பக்கத்தாரும் விலகியிருக்க வேண்டும். முகமூடிக்கும் குளியலுக்கும் ஆகும் செலவு வீட்டுக்காரருடையது. கூலியில் கழிக்கும் செலவன்று.

ஐந்தாவது, கழற்றிய தகட்டைத் தடித்த பாலிதீனில் இரட்டையாகச் சுற்றி, எங்கே சேர்ப்பது என்பதை வேலை தொடங்குமுன் நகராட்சியிடமோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமோ கேட்டுவிட வேண்டும். உடைத்துப் பள்ளத்தில் நிரப்புவதும், கோழிக்கூண்டுக்கும் குளியலறைத் தடுப்புக்கும் மறுபடி பயன்படுத்துவதும் அபாயத்தை இடம் மாற்றுவதேயன்றி நீக்குவதாகாது. வீட்டிலிருந்து பத்துத் தகடு கொண்டுவருபவருக்கென்று ஊர்தோறும் ஓரிடம் ஒதுக்குவது அரசின் கடமை. அதைக் கேட்பது நம் கடமை.

வண்ணப்பூச்சுக்கும் இதே உரைகல்

பழைய கதவு, சன்னல், கம்பிகளில் பூசிய எனாமல் வண்ணத்தையும் இதே உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். இந்திய அரசு வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். என்று வரையறுத்த விதி 2016-இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவற்றில் ஈயம் மிகுதியாக இருக்கலாம். கதவில் இருக்கும்வரை அது வெறும் நிறம். உப்புத்தாளால் உலரத் தேய்க்கும்போதும் நெருப்பில் வாட்டிச் சுரண்டும்போதும் அது நஞ்சு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்வது. இவ்வளவு வரை கேடில்லை என்று எல்லை கட்ட முடியாதது. இங்கும் நனைத்துத் தேய்ப்பதும், குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்புறப்படுத்துவதும், துகளை ஈரத்துணியால் எடுப்பதுமே முறை.

முடிவாக

பிரிட்டன் 1999-இல் வெள்ளைக் கல்நாரையும் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் 2003 இறுதியில் முழுத்தடை வந்தது. ஆயினும் தடைக்கு முன் வேய்ந்த கூரைகளை அந்நாடுகள் இன்னும் பிரித்துக்கொண்டிருக்கின்றன. நாமோ 1986-இல் புதிய கல்நார்ச் சுரங்கக் குத்தகைகளை நிறுத்திவிட்டு, வெளிநாட்டுக் கல்நாரை இறக்குமதி செய்து புதுத் தகடுகளை வேய்ந்துவருகிறோம். இன்று வேயும் ஒவ்வொரு தகட்டையும் ஒருநாள் ஒருவர் கழற்றியாக வேண்டும். கல்நார் கலவாத நார்ச்சிமென்டுத் தகடும், ஓடும், உலோகத் தகடும் கிடைக்கும்போது இந்தக் கடனைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல வேண்டுமா?

‘சீண்டாதிருந்தால் தீங்கில்லை’ என்பது பொய்யன்று, பாதி உண்மை. அடுத்த முறை உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கூரை பிரிக்க ஆள் பேசும்போது, கூலியைக் கேட்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: தகட்டை யார் இறக்குகிறார்? எப்படி இறக்குகிறார்? இறக்கியது எங்கே போகிறது? மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு ஏணியைச் சாத்தலாம்.